அண்ணன் வீட்டு பிசீனும் நாலு மூட்டை மணலும்

"பிரெஞ்சு படிச்சு நீ என்னத்தக் கண்டே?" என்று என்னைக் கேட்காத உறவினர் குறைவு. பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு படித்துப் பிரான்சுக்குப் போனார்கள். நான் அதே பள்ளியில் அதே வாத்தியாரிடம் படித்து, ப்ரெவே தேறி, புதுச்சேரி அரசில் கிளார்க்காகச் சேர்ந்து, பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துச் சொல்லியே ஓய்வு பெற்றேன். "இதுக்கு இங்கிலீஷ் படிச்சிருக்கலாமே" என்பார்கள். இருக்கலாம். ஆனால் 2019-ஆம் வருஷம் மே மாதம், எழுபதாவது வயதில், என் பிரெஞ்சு ஒரு காரியத்துக்கு உதவியது. நீச்சல் குளத்து வடிகட்டியில் மணல் மாற்றினேன்.

சிரிக்காதீர்கள். நான் நீச்சல் குளம் வைத்திருக்கிற ஆள் இல்லை. முத்தியால்பேட்டையில் ஒன்றரை மனையில் என்ன குளம் வைப்பது? குளம் அண்ணனுடையது. அண்ணன் என்றால் பெரியப்பா மகன். என்னைவிட நாலு வயது மூத்தவர்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற நம் ஊர்ப் பெரியவர்களுக்கு 1962 பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் என்று சொல்லி வைக்கிறேன். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கை மாறியது. ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்று முதல் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே, கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு அப்பன் முடிவுதான் முடிவு. பெரியப்பா சைகோனில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கியவர், எழுதிக் கொடுத்தார். என் அப்பா, "இங்கதானே இருக்கப் போறோம், எதுக்கு?" என்று விட்டுவிட்டார். அப்போது அண்ணனுக்குப் பதினேழு, எனக்குப் பதின்மூன்று. ஒரே கொல்லையில் விளையாடிய இரண்டு பேர் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆனார். ஜிபுத்தி, சாட் என்று சுற்றினார். கடைசியில் பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலோரம், ஃப்ரெழுஸ் என்கிற ஊரில் வீடு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

அந்த வீட்டில் குளம் வேண்டும் என்று ஆசைப்பட்டது அண்ணி. அந்தப் பக்கத்தில் அது பெரிய பணக்காரத்தனம் இல்லை. நம் தெருவில் மோட்டார் சைக்கிள் இருக்கிற மாதிரி, சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுக் கொல்லையில் நீலமாக ஒரு பிசீன் தெரியும். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். கணக்குப் போட்டால் நாற்பத்தெட்டாயிரம் லிட்டர். அண்ணி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் மே மாதம் முதல் வாரம் போய் இறங்கியபோது குளம் பாசிப் பச்சையாக இருந்தது. வேதபுரீஸ்வரர் கோயில் குளமாவது பரவாயில்லை என்று தோன்றியது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அண்ணனே சொன்னார்.

"அசான்சியோன் லீவுக்குப் பையன் வரான்டா. பிள்ளைங்களோட."

"நல்லது தானே அண்ணே."

"இதப் பாத்தா என்ன சொல்லுவான் தெரியுமா? உங்களால தனியா இருக்க முடியாது, மெசோன் த ரெத்ரேத்துல சேருங்கன்னுவான். போன தடவையே காகிதம் எல்லாம் கொண்டாந்தான்."

மெசோன் த ரெத்ரேத் என்றால் முதியோர் இல்லம். அண்ணனுக்கு எழுபத்து நாலு. இருதயத்தில் கை வைத்துப் பார்த்த டாக்டர் பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மற்றபடி சமைத்துக்கொள்வார், கார் ஓட்டுவார், தினமும் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவார். பட்டாளத்து ஆள். அவரிடம் ஒழுங்கு குறைந்திருந்த ஒரே இடம் அந்தக் குளம்தான்.

குளோரின் போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் தெளிந்து மறுபடி பச்சை. ஒரு டெக்னீஷியனைக் கூப்பிட்டார். அவர் வடிகட்டியின் பிரஷர் மீட்டரைப் பார்த்துவிட்டு, மணல் செத்துப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு நான் இங்கிருந்து போய் வந்த டிக்கெட்டில் பாதி வாங்கிவிடலாம். அதுவும் ஜூன் நடுவில்தான் வர முடியும் என்றார். அசான்சியோன் மே 30-ஆம் தேதி.

"தண்ணியக் காலி பண்ணிட்டுப் புதுசா ரொப்பிட்டா?" என்று கேட்டேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாற்பத்தெட்டாயிரம் லிட்டருக்கு மீட்டர் ஓடும். அது போகட்டும், காலிக் குளத்தைக் கீழே இருக்கிற நிலத்தடி நீர் தூக்கிவிடுமாம். கப்பல் மாதிரி மேலே எழும்பி விரிசல் விடுமாம். அந்தப் பக்கத்தில் காய்ந்த கோடைகளில் குளம் நிரப்பவே அரசாங்கம் தடை போடுவதும் உண்டு. ஆக, தண்ணீர் அதே தண்ணீர்தான். மாற்ற வேண்டியது மணல்.

வடிகட்டியின் கதை இதுதான். கொல்லை மூலையில் பாதி மண்ணுக்குள் புதைத்த மாதிரி ஒரு மரக் கொட்டகை. உள்ளே ஒரு மோட்டார், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உருண்டைத் தொட்டி, அரை மீட்டர் விட்டம். தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு மணல். மோட்டார் குளத்துத் தண்ணீரை இழுத்து மேலிருந்து மணல் மீது விடும். தண்ணீர் மணலுக்குள் இறங்கும்போது அழுக்கு மணலில் தங்கிவிடும். அடியில் நட்சத்திரம் மாதிரி எட்டு பிளாஸ்டிக் விரல்கள். ஒவ்வொன்றிலும் மயிரிழை அகலத்துக்குக் கீறல்கள். க்ரெபீன் என்று பெயர். தண்ணீர் அந்தக் கீறல் வழியே உள்ளே போகும், மணல் போகாது. போன தண்ணீர் நடுக்குழாய் வழியாக மேலேறிக் குளத்துக்குத் திரும்பும்.

நம் வீட்டில் பாட்டி மூன்று பானை அடுக்கி வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒன்றில் கரி, ஒன்றில் மணல், கீழே நல்ல தண்ணீர். அதேதான். இங்கே சொட்டுச் சொட்டாக விழுந்தது, அங்கே மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் ஓடுகிறது. மழைக்காலத்தில் பாட்டி தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைத்துக் கலங்கலைப் படிய வைப்பார். அண்ணன் அலமாரியில் அதற்கும் ஒரு டப்பா இருந்தது. ஃப்ளோக்குலான் என்று எழுதியிருந்தது. படித்துப் பார்த்தால் அலுமினியம் சல்பேட். நம் படிகாரத்தின் பங்காளி.

சரி, மணல் எப்படிச் சாகும்? எனக்கும் அது புரியவில்லை. மணல் கல் தானே! அண்ணன் வீட்டு வடிகட்டியின் கையேடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கொட்டகைக் கதவில் தொங்கியது. முப்பது பக்கம், பொடி எழுத்து, பிரெஞ்சு. அண்ணனுக்குக் கண் புரை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பத்திரம் படித்துப் பழகியவனுக்கு இதெல்லாம் ஒரு சுகம். கையேட்டில் இருந்ததும் அண்ணன் அனுபவத்தில் சொன்னதும் சேர்த்து எனக்குப் புரிந்தது இது: புது மணலுக்கு முனை உண்டு. அந்த முனையில்தான் அழுக்கு சிக்கும். வருஷக்கணக்கில் தண்ணீர் உருட்டி உருட்டி முனை மழுங்கிவிடும். எண்ணெய்ப் பசை, உடம்பில் பூசுகிற சன் க்ரீம் எல்லாம் சேர்ந்து பிசுக்காகும். அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அது மணலைக் கட்டி கட்டியாக இறுக்கிவிடும். பிறகு தண்ணீர் கட்டிகளுக்கு நடுவே ஓட்டை போட்டுக்கொண்டு, வடிகட்டாமலே ஓடிவிடும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அண்ணன் வீட்டு மணலுக்குப் பதினொரு வயது. அண்ணிதான் இதையெல்லாம் கணக்கு வைத்திருப்பாராம்.

"கடற்கரை ரெண்டு கிலோமீட்டர். ஒரு நாலு வாளி அள்ளிட்டு வந்தா ஆவாதா?" என்று கேட்டேன். ஆகாது. கடல் மணலில் உப்பு, கிளிஞ்சல் துண்டு, பொடியும் பருமனும் கலந்திருக்கும். பொடி கீறல் வழியே குளத்துக்குப் போய்விடும். இதற்கென்று கழுவிச் சலித்து விற்கிறார்கள், 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை மட்டும். நம் ஊரில் துறைமுகம் கட்டிக் கடற்கரை மணலைப் பறிகொடுத்து முப்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கடையில் மணலை மூட்டையில் காசு கொடுத்து வாங்கியபோது என்னவோ போல் இருந்தது. இருபத்தைந்து கிலோ மூட்டை நாலு. மூன்று மணல், ஒன்று பொடிக் கூழாங்கல். கடைப் பையன் காரில் ஏற்றிக் கொடுத்தான். வீட்டில் இறக்கியது நான். அண்ணன் கூடவே நடந்து வந்து, தூக்காமல், மூட்டையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே வந்தார். நான் தடுக்கவில்லை.

மே 20, திங்கட்கிழமை காலை ஆரம்பித்தோம்.

அண்ணன் பட்டாளத்துக் குரலில் சொல்லிக் கொடுத்தார். முதலில் மெயின் சுவிட்ச். அடுத்து குளத்திலிருந்து வருகிற இரண்டு வால்வையும் மூடு, கொட்டகை குளத்து மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, மறந்தால் குளம் முழுக்க உள்ளே வந்துவிடும். தொட்டியின் அடியில் இருக்கிற திருகைத் திறந்து தண்ணீரை வடிய விடு. பிறகு யூனியன்களைக் கழற்று. பிறகு தலையைத் தூக்கு. தலை என்றால் ஆறு வழி வால்வு. ஒரு கைப்பிடி, சுற்றிலும் ஆறு சொல்: வடிகட்டு, கழுவு, அலசு, சுற்று, வெளியேற்று, மூடு. "கைப்பிடியத் திருப்பறதுக்கு முன்னாடி மோட்டாரை நிறுத்து. மோட்டார் ஓடறப்போ திருப்புனா உள்ள ரப்பர் கிழிஞ்சிடும். முதல்ல மோட்டார், அப்புறம் கைப்பிடி. திருப்பிச் சொல்லு." சொன்னேன். அன்று காலை மட்டும் மூன்று தடவை சொல்ல வைத்தார்.

தலையைத் தூக்கியதும் ஒரு வாடை வந்தது. அடைத்துக் கிடந்த கிணற்று வாடை.

தொட்டியின் வாய் கை நுழைகிற அளவுதான். நடுக்குழாய்க்குள் மணல் விழாமல் இருக்க அதன் வாயில் பிளாஸ்டிக் பை கட்டினோம். பிறகு மணலை அள்ள வேண்டும். எந்திரம் ஏதும் கிடையாது. ஒரு பழைய காப்பி டப்பா. அள்ளு, வாளியில் கொட்டு, அள்ளு, கொட்டு. மேலே ஒரு சாண் ஆழத்துக்குக் களி மாதிரி. அதற்குக் கீழே கட்டி. சில கட்டிகள் கருப்பட்டி அளவு. புது மணலை ஒரு கையிலும் பழையதை ஒரு கையிலும் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். புதியது சுருக்கென்றது. பழையது கேழ்வரகு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. கையேட்டில் பத்து வரியில் சொன்னதை விரல் ஒரு நொடியில் சொல்லிவிட்டது.

அள்ள அள்ள எங்கள் இருவருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும். முத்தியால்பேட்டை வீட்டுக் கொல்லைக் கிணறு. சித்திரை மாதம் தூர் வாருவார்கள். ஒல்லியான பையன் என்று அண்ணனை இடுப்பில் கயிறு கட்டி இறக்குவார்கள். நான் மேலே நின்று வாளி இழுப்பேன். ஒரு வருஷம் பாதி ஏறிய வாளியை விட்டுவிட்டேன். அண்ணன் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. பெரியப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அண்ணன் கீழேயிருந்து, "எனக்கு ஒண்ணுமில்ல, கயிறு ஈரம், வழுக்கிடுச்சு" என்று கத்தினார். கயிறு ஈரமே இல்லை. நான் காக்கையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உள்ளே கை விட்டு அள்ளுவது நான், மேலே நின்று வாளி நகர்த்துவது அவர். அரை வாளிக்கு மேல் கொட்டாதே என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. தோள் வரை கை உள்ளே. அடியில் கட்டி அசையவில்லை. அண்ணன் காப்பி போட உள்ளே போயிருந்தார். நான் பொறுமை இழந்து, தோட்டத்துக் கரண்டியை எடுத்து ஒரு குத்துக் குத்தினேன்.

டக்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கையை விட்டுத் தடவினேன். எட்டு விரலில் ஒன்று பாதியில் முறிந்து ஆடிக்கொண்டிருந்தது.

நாற்பது வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கு முதலில் என்ன தோன்றும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். மூடி வைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. மேலே கூழாங்கல்லைக் கொட்டி, மணலைக் கொட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? நான் ஊருக்குப் போன பிறகுதானே குளத்துக்குள் மணல் வந்து விழும்? காப்பிக் கோப்பையோடு அண்ணன் வருகிற சத்தம் கேட்கிற வரை அதை யோசித்தேன். யோசித்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

"அண்ணே, ஒண்ண ஒடச்சிட்டேன்."

அவர் கோப்பையை என்னிடம் கொடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். "வாளிய விட்டவன்தானே நீ" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் கடையில் முறிந்த துண்டைக் காட்டினோம். அந்த மாதிரி இருப்பில் இல்லை, வரவழைக்க வெள்ளிக்கிழமை ஆகும் என்றார்கள். விரல் ஒன்று மட்டும் தர மாட்டார்களாம், எட்டும் சேர்த்துத்தான். அதற்கு நான்தான் பணம் கொடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு நிம்மதி.

அந்த மூன்று நாளும் சும்மா இருக்கவில்லை. மோட்டார் இல்லாவிட்டாலும் குளத்தைக் கழுவலாம். காகித நாடாவை நனைத்துத் தண்ணீரின் பி.எச். பார்த்தார் அண்ணன். 8-ஐத் தாண்டியிருந்தது. அந்த நிலையில் குளோரினைக் கொட்டினாலும் பாதிகூட வேலை செய்யாது. முதலில் அதை 7.2-க்கு இறக்கினோம். பிறகு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் குளோரின் தாராளமாகப் போட்டு, நீளக் குச்சி பிரஷ்ஷால் சுவரெல்லாம் தேய்த்தோம். பச்சை வெளுத்துச் சாம்பலாகி, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆனது. செத்த பாசி. அதை எடுக்க வடிகட்டிதான் வர வேண்டும்.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். குளத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, அலாரம். குழந்தை தண்ணீரில் விழுந்தால் அலறும். பிரான்சில் தரைக்குள் கட்டிய வீட்டுக் குளத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்று 2003-இல் சட்டம் போட்டார்கள். வேலி, மூடி, கூரை, அலாரம், இந்த நாலில் ஒன்று இருந்தாக வேண்டும். அண்ணன் வீட்டில் அலாரம். அதில் விளக்கு எரியவில்லை. திறந்து பார்த்தால் பாட்டரி பச்சை பூத்து ஒழுகியிருந்தது.

"பிள்ளைங்க வரப்போ மாத்திடுவேன்டா" என்றார்.

மாற்றினேன், நானே, அன்றைக்கே. ஆனால் போன கோடையிலும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அந்தப் பாட்டரி ஒழுகிக் காய்ந்து வெகு நாள் ஆகியிருந்தது. அதை நான் அவரிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விரல்கள் வந்தன. சனிக்கிழமை மணல் போட்டோம். எட்டையும் மாட்டி, நடுக்குழாயை நேராக நிறுத்தி, தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் விட்டோம். அந்தத் தண்ணீர் மெத்தை மாதிரி, இல்லையென்றால் விழுகிற கல் பாரத்தில் விரல் மறுபடி முறியும். முதலில் கூழாங்கல்லைக் கையால் வைத்து விரல்களை மூடினேன். சரித்துக் கொட்டவில்லை, வைத்தேன். பிறகு மணல், டப்பா டப்பாவாக. மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லி மூட்டையிலேயே அச்சடித்திருந்தது, சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது. தொட்டி நிறைய நிரப்பக் கூடாது, மேலே இடம் விட வேண்டும். கழுவும்போது தண்ணீர் கீழிருந்து மேலே போகும், மணல் எழும்பிப் புரண்டால்தான் அழுக்கு கழலும். நிறைந்திருந்தால் மணலும் சாக்கடைக்குப் போய்விடும். வாய் ஓரத்து மணலை ஒன்று விடாமல் துடைத்து, தலையைப் பூட்டி, யூனியன்களை இறுக்கினோம்.

இனி புது மணலைக் கழுவ வேண்டும். நான் சுவிட்ச் அருகில், அண்ணன் கைப்பிடி அருகில். "கழுவு" நிலையில் மோட்டார் போட்டேன். வெளிக்குழாயில் பால் மாதிரி வந்தது, இரண்டு மூன்று நிமிஷத்தில் தெளிந்தது. அடுத்து "அலசு". நான் மோட்டாரை நிறுத்தக் கை நீட்டினேன். அதற்குள் அண்ணன் கைப்பிடியை அழுத்தித் திருப்பிவிட்டார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. குழாய் ஒரு முறை உறுமியது. சட்டென்று நிறுத்தினேன்.

அண்ணன் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். என்ன செய்தார் என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரியாததுபோல் நடிக்கவில்லை, தெரியவில்லை. "ஏன்டா நிறுத்துன?" என்றார்.

நல்ல வேளை, ரப்பர் கிழியவில்லை. அலசினோம், நானே நிறுத்தி, நானே திருப்பி. பிறகு "வடிகட்டு". பிரஷர் 0.7 காட்டியது. அதை அண்ணன் கரிக்கட்டியால் கொட்டகைச் சுவரில் எழுதினார், 25.5.19 என்று தேதியும் போட்டு. பக்கத்திலேயே பழைய எண்கள், பழைய தேதிகள், சின்னச் சின்னதாக அண்ணியின் கையெழுத்தில். 2016-க்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நாலு நாள் இரவும் பகலும் மோட்டார் ஓடியது. சாதாரணமாகத் தண்ணீரின் சூட்டில் பாதி மணி நேரம் ஓடினால் போதும், 24 டிகிரி என்றால் பன்னிரண்டு மணி. இது வைத்தியம், அதனால் நிறுத்தவில்லை. பிரஷர் ஏறும்போதெல்லாம் கழுவினோம். செவ்வாய்க்கிழமை அடித்தளம் தெரிந்தது. புதன்கிழமை காலை அடியில் கிடந்த ஒரு பத்து சென்ட் காசு தெரிந்தது. அண்ணன் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புதன் இரவு மகன் குடும்பத்தோடு வந்தான். வியாழக்கிழமை பிள்ளைகள் குளத்தை விட்டு ஏறவே இல்லை. தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது, அவர்களுக்கு அதெல்லாம் பொருட்டா? அண்ணன் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெசோன் த ரெத்ரேத் பேச்சே எழவில்லை. ராத்திரி அண்ணன் எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து, மேஜைக்கு அடியில் என் காலைத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை மகன் என்னைத் தேடிக் கொட்டகைக்கு வந்தான். கையில் காலி மணல் மூட்டை. அவன் தமிழ் புரிந்துகொள்வான், பேச வராது. என்னைத் தோன்தோன் என்று கூப்பிடுவான்.

"தோன்தோன், இதை அப்பா தூக்கியிருக்க முடியாது."

"நான்தான் தூக்கினேன்."

"தெரியும். அலாரத்தில் புது பாட்டரி. அதுவும் நீங்கள்தானே?" கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு பிரெஞ்சிலேயே நேராகக் கேட்டான். "அப்பா தனியாக இருக்கலாமா? நீங்கள் மூன்று வாரமாகக் கூட இருக்கிறீர்கள். எனக்கு உங்களை விட்டால் கேட்க ஆள் இல்லை."

கயிறு ஈரம் என்று சொல்லிவிடலாம். அறுபது வருஷத்துக் கடன், அடைத்துவிடலாம். வாய் வரை வந்தது. குளத்தில் சின்னவள் தண்ணீரை அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு வயது. போன கோடையில் மூன்று.

எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டரி, கைப்பிடி, "ஏன்டா நிறுத்துன" என்று கேட்டது. சமையலும் காரும் ஒழுங்காக இருப்பதையும் சொன்னேன். இல்லத்தில் கொண்டு விட்டால் ஆறு மாதம் தாங்க மாட்டார் என்பதையும் சொன்னேன். என் பிரெஞ்சு அன்றைக்குத் தடுமாறவில்லை. தடுமாறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பல நாள் நினைத்தேன்.

இல்லத்தில் சேர்க்கவில்லை. தினமும் காலையில் ஒரு அம்மாள் வந்து மூன்று மணி நேரம் இருந்துவிட்டுப் போக ஏற்பாடு செய்தான். குளத்தைப் பார்த்துக்கொள்ள மாதம் ஒரு முறை ஆள். ஞாபகத்துக்கு ஒரு டாக்டர். இதையெல்லாம் நான் ஊர் திரும்பிய பிறகு செய்தான். யார் சொல்லிச் செய்தான் என்பது அண்ணனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஜூன் முழுக்க போன் இல்லை. ஜூலை முழுக்க இல்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்து நின்றுபோகும். என் வீட்டில், "தேவையா உங்களுக்கு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15 பிற்பகல். தெருவில் கொடி, மிட்டாய், ஒலிபெருக்கி எல்லாம் ஓய்ந்து நான் சாய்வு நாற்காலியில் கண் அசந்திருந்தேன். போன் அடித்தது. எடுத்ததும், நலமா என்று கூடக் கேட்கவில்லை.

"பிரஷர் 1.1 காட்டுதுடா. கழுவணுமா?"

0.7 என்று சுவரில் எழுதியது அவர். அதற்கு மேல் 0.3 ஏறினால் கழுவ வேண்டும் என்பது எனக்குக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். மறந்துபோய்க் கேட்கிறாரா, வேறு எதையோ கேட்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"கழுவணும் அண்ணே. முதல்ல மோட்டாரை நிறுத்துங்க."

"அது தெரியும்டா" என்றார். "நீ லைன்லயே இரு."

இருந்தேன். செருப்புச் சத்தம் கொட்டகைப் பக்கம் போனது. பிறகு மோட்டார் நிற்கிற சத்தம் கேட்டது.